யூனிகார்ன் நான்காவது டிஸ்க்: ஒருவருக்குத் திருவிழா, இன்னொருவருக்கு எரிச்சல்

கேட்கப்பட்டது இதுதான்: "மொபைல் சூட் கண்டாம் யூனிகார்ன் தொடரின் நான்காவது ப்ளூரே டிஸ்க்கைப் பார்த்தேன். ஏழிலும் இதுதான் உச்சம் என்று சிலர் சொல்கிறார்கள். கதை நகராமல் பழைய ரோபோக்களைக் காட்டிக் கைதட்டல் வாங்குகிற பாகம் என்று சிலர் திட்டுகிறார்கள். எனக்கே பாதி பிடித்தது, பாதி எரிச்சலாக இருந்தது. யார் சொல்வது சரி?"

இரண்டு தரப்பும் பார்த்தது ஒரே படத்தைத்தான். ஆனால் அதை எந்த நிலையில், எதற்கு அடுத்ததாகப் பார்த்தார்கள் என்பதில்தான் பிரிகிறார்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கதையின் முக்கியத் திருப்பங்கள் எல்லாம் வெளியே வரும், அதனால் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். (கண்டாம் என்ற பெயரைத் தமிழில் எப்படி எழுதினாலும் ஜாதகத்தில் வரும் கண்டம் மாதிரிதான் தெரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

கண்டாம் என்பது 1979ல் தொடங்கிய ஜப்பானிய ரோபோ அனிமே (அனிமேஷன்) தொடர்களின் வரிசை, அதில் ஒன்றுதான் யூனிகார்ன். முதலில் அது எப்படி வெளிவந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஹருதோஷி ஃபுகுயி 2007 முதல் 2009 வரை எழுதிய நாவல் தொடரை சன்ரைஸ் நிறுவனம் படமாக எடுத்தது. இயக்கம் கசுஹிரோ ஃபுருஹாஷி, இயந்திர வடிவமைப்பு ஹாஜிமே கதோகி, இசை ஹிரோயுகி சவானோ. வாராவாரம் டிவியில் வரவில்லை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடும் தனித்தனி டிஸ்க்குகளாக வந்தது. முதலில் சில தியேட்டர்களில் குறுகிய காலம் ஓடும், சில வாரத்தில் ப்ளூரே கடைக்கு வரும். முதல் டிஸ்க் 2010 மார்ச். ஏழாவது 2014 ஜூன். ஆறு பாகம் என்று திட்டமிட்டு, கதை அடங்காமல் ஏழாக நீண்டது. அப்படி மொத்தம் ஏழு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான ஒரு கதையைச் சொல்லி முடிக்க நான்கு வருடத்துக்கு மேல் ஆனது.

நான்காவது டிஸ்க் வந்தது 2011 டிசம்பர் 2. மூன்றாவது வந்தது அதே வருடம் ஏப்ரலில். நடுவில் எட்டு மாத இடைவெளி. இந்த எட்டு மாதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி இதற்கே வருவேன்.

ஜப்பானில் இப்படி டிஸ்க் அல்லது கேசட்டுக்காகவே எடுக்கப்படும் அனிமேக்கு நீண்ட வரலாறு உண்டு. அதைத் தொடங்கி வைத்ததும் ஒரு ரோபோ கதைதான். 1983 டிசம்பரில் மமோரு ஓஷியி இயக்கி வெளியான 'டல்லோஸ்'. அந்தக் காலத்து கேசட்டுகளின் விலை சாதாரண ரசிகனுக்கு எட்டாது. 1988ல் 'பாட்லேபர்' ஒரு பாகம் 4,800 யென்னுக்கு வந்ததே மலிவு விலை என்று விளம்பரமானது. அதுவும் அரை மணி நேரப் படத்துக்கு! அப்படிக் காசு கொடுத்து வாங்குகிறவன் பார்க்கும் விதமே வேறு. டிவியில் ஒரு வாரம் சுமாராக இருந்தால் சரி, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டுவிடுவோம். காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் ஒன்று, அதற்குள்ளேயே திருப்தி தர வேண்டும். நான்காவது டிஸ்க் பற்றிய சண்டையில் பாதி இந்த எதிர்பார்ப்பிலிருந்து வருவது.

சரி, படத்துக்கு வருவோம். தலைப்பு 'ஈர்ப்புக் கிணற்றின் அடியில்'. பூமியை ஆளும் கூட்டமைப்பு அரசுக்கும், அதை எதிர்த்த விண்வெளிக் குடியிருப்பினரின் ஜியோன் தரப்புக்கும் இடையிலான பகைதான் பின்னணி. மூன்று பாகமாக விண்வெளியிலேயே நடந்த கதை இதில் பூமிக்கு இறங்குகிறது. யூனிகார்ன் என்ற வெள்ளை ரோபோவை ஓட்டும் நாயகன் பனாஜர் எதிரிக் கப்பலோடு சகாரா பாலைவனத்தில் கிடக்கிறான். ஜியோன் இளவரசி மினேவா, கூட்டமைப்புப் படையின் விமானி ரிடியின் குடும்ப மாளிகையில் இருக்கிறாள். ஜியோன் படையின் மிச்சங்கள், அதாவது 16 வருடத்துக்கு முன் தோற்றுப்போன போரை இன்னும் விடாதவர்கள், ஷாம்ப்லோ என்ற ராட்சத நீர்நில இயந்திரத்தை வைத்து முதலில் தலைநகர் டகாரைத் தாக்குகிறார்கள், பிறகு ஆஸ்திரேலியாவில் இருக்கும் டோரிங்டன் தளத்தின் மேல் பாய்கிறார்கள். ஷாம்ப்லோவை ஓட்டுபவள் லோனி கார்வே என்ற இளம்பெண்.

டோரிங்டன் சண்டைதான் இந்த டிஸ்க்கின் முகம். பிடித்தவர்கள் எல்லோரும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். ஏன் என்று புரிய வேண்டுமானால் கண்டாம் ரசிகர்களின் ஒரு விசித்திரப் பழக்கம் தெரிய வேண்டும். இவர்களில் நிறையப் பேருக்குக் கதாநாயகனின் வெள்ளை ரோபோ முக்கியமே இல்லை. எங்கோ ஒரு மாடல் பெட்டியிலும் பத்திரிகைப் பக்கத்திலும் மட்டும் இருந்த, திரையில் இரண்டு நிமிடம்கூட ஓடாத இயந்திரங்களின் பெயர், எண், எந்தத் தளத்தில் எத்தனை இருந்தன என்பதெல்லாம் மனப்பாடம். ஜுவாகு, ஸோகோக் போன்றவை 1979ன் முதல் தொடருக்காக இயக்குநர் டொமினோவே கிறுக்கி வைத்து, அந்தத் தொடரில் இடம் கிடைக்காமல் போனவை. பிறகு வரைபடமாக உலவி வந்தன. முப்பது வருடம் கழித்து அவை கையால் வரைந்த அசைவோடு, எடையோடு, தூசியோடு ஒரு நகரத்துக்குள் நடந்து வருகின்றன. ஸாக்கு கேனன் தோளில் பீரங்கியோடு நிற்கிறது. தளத்தைக் காக்கும் பக்கத்தில் ப்யார்லான்ட் கஸ்டம் என்ற ஒன்று பறந்து வந்து ஜியோன் இயந்திரங்களை வரிசையாகச் சாய்க்கிறது. ஜீட்டா என்ற பழைய கண்டாம் தொடரில் எதிரிப் பக்கத்தில் இருந்த, பலருக்கு ஞாபகத்தில்கூட இல்லாத ஓர் இயந்திரத்தின் வாரிசு இது. சில நிமிடம்தான் வருகிறது. ஆனாலும் இந்த டிஸ்க்கைப் பார்த்தவர்கள் நாயகனின் யூனிகார்னை விட்டுவிட்டு இதைத்தான் பேசுகிறார்கள்.

அந்த டோரிங்டனே ஒரு பழைய நினைவுதான். 1991ல் தொடங்கிய 0083 என்ற வீடியோ தொடரில் அணுகுண்டு ஏந்திய ரோபோ திருடு போவது இந்தத் தளத்திலிருந்து. டகாரும் அப்படித்தான், ஜீட்டாவில் ஷார் என்ற பழைய ஜியோன் வீரன் உலகத்தை நோக்கிப் பேசிய நகரம். தெரிந்தவனுக்கு ஒவ்வொரு ஷாட்டிலும் ஒரு பழைய கதை ஒளிந்திருக்கிறது. தெரியாதவனுக்கு? யாரென்றே தெரியாத இயந்திரங்கள் யாரென்றே தெரியாத இயந்திரங்களைச் சுடுகின்றன, இருபது நிமிடம் போகிறது, நாயகன் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. யூனிகார்ன் வழியாக முதன்முறை கண்டாமுக்குள் வந்தவர்கள் திட்டினால் அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இது வேண்டுமென்றே சேர்த்தது என்பதும் உண்மை. நாவலில் ஷாம்ப்லோவின் பெரிய தாக்குதல் டகாரில்தான் நடக்கிறது, டோரிங்டன் படத்துக்காக வந்தது. ரசிகனுக்குப் போட்ட தீனி என்று சொன்னால் என்னால் மறுக்க முடியாது. இதில் வந்த சில இயந்திரங்கள் அப்புறம் பிளாஸ்டிக் மாடலாகவும் கடைக்கு வந்தன, அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் "வெறும் தீனி" என்று நிறுத்திக்கொள்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. இந்தச் சண்டை எப்படி எடுக்கப்பட்டிருக்கிறது என்று இன்னொரு முறை பாருங்கள். கேமரா அடிக்கடி தெருமட்டத்துக்கு இறங்குகிறது. ரோபோ விழும் இடத்தில் கட்டடம் இருக்கிறது, கட்டடத்துக்குக் கீழே ஆட்கள் ஓடுகிறார்கள். ஷாம்ப்லோவின் ஒளிக்கற்றை ஒரு ராணுவ இலக்கைத் தேடிப் போவதில்லை, நகரத்தைப் பெருக்கித் தள்ளுகிறது. அந்தப் பழைய இயந்திரங்களுக்குள் இருப்பவர்கள் யார்? 16 வருடமாக ஒளிந்து, உதிரி பாகம் தேடி, வேறு போக்கிடம் இல்லாமல் கிழடு தட்டியவர்கள். பழைய மாடல் என்பதே அவர்களின் நிலைமை. வேறு எந்த ரோபோவைக் கொடுத்திருந்தாலும் இந்தக் கதை பொய்யாகிவிடும். எனவே நாம் "அட, ஜுவாகு!" என்று கத்துகிற அதே நொடியில் அந்த ஜுவாகு ஓர் ஊரை அழித்துக்கொண்டிருக்கிறது. காசு கொடுத்து வாங்கியவனுக்குக் கேட்டதைக் கொடுத்துவிட்டு, கூடவே அவன் எதற்குக் கைதட்டினான் என்பதையும் காட்டிவிடுகிறார்கள். எரிச்சல் பட்டவர்களில் ஒரு பகுதியினர் உண்மையில் இதற்குத்தான் எரிச்சல் பட்டார்கள் என்பது என் சந்தேகம்.

(அந்த 2011 மார்ச் 11 அன்றுதான் ஜப்பானின் வடகிழக்கில் பெரும் நிலநடுக்கமும் சுனாமியும். வருடக் கடைசியில் வந்த படத்தில் கடலிலிருந்து ஒன்று எழுந்து கரை மேல் ஏறி ஊரை நசுக்குகிறது. அதை நினைத்து எடுத்தார்கள் என்று சொல்லவில்லை, கதை அதற்கு முன்பே எழுதப்பட்டது. ஆனாலும் அந்த டிசம்பரில் அதைப் பார்த்தவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்.)

அடுத்த பெரிய புகார், பனாஜர். கடைசியில் ஷாம்ப்லோவைச் சுட்டே ஆக வேண்டும், சுடாவிட்டால் இன்னும் ஆயிரம் பேர் சாவார்கள். பீம் மேக்னம் கையில் இருக்கிறது. அவன் "என்னால் சுட முடியாது" என்று கதறுகிறான். ரிடி அந்தத் துப்பாக்கியை எடுத்துச் சுடுகிறான், லோனி செத்துப்போகிறாள். இந்தக் கதறல் ஜப்பானிய ரசிகர்களிடையே கேலிக்கும் ஆனது. பயந்தாங்கொள்ளி, அழுமூஞ்சி, இத்தனை சாவுக்கும் அவனே காரணம் என்று திட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இங்கேதான் அந்த எட்டு மாதம் வேலை செய்கிறது. மூன்றாவது டிஸ்க் எங்கே முடிந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? பனாஜர் அதே பீம் மேக்னத்தைச் சுடுகிறான். நடுவில் வந்து விழுபவர் கில்போவா. எதிரிப் படைக்காரர்தான், ஆனால் பனாஜர் கைதியாக இருந்தபோது தன் வீட்டில் தங்கவைத்து, மனைவி பிள்ளைகளோடு உட்காரவைத்துச் சோறு போட்டவர். அந்த ஆளைத் தன் கையாலேயே கொன்றுவிட்டுத்தான் பனாஜர் பூமியை நோக்கி விழுகிறான். நான்காவது டிஸ்க்கின் முதல் பாதி முழுக்க அவன் நடைப்பிணமாக இருப்பது அதனால்தான். மறுபடி அதே ஆயுதம், எதிரே மறுபடி முகம் தெரிந்த ஓர் ஆள். அவனால் சுட முடிந்திருந்தால்தான் எனக்கு அவன் மேல் நம்பிக்கை போயிருக்கும். ஏப்ரலில் மூன்றாவதைப் பார்த்துவிட்டு டிசம்பரில் நான்காவதைப் பார்த்தவருக்கு கில்போவாவின் முகம் மங்கிப்போயிருந்தால் அது அவர் தப்பில்லை. படமும் அதைத் திரும்ப எடுத்துச் சொல்லப் பெரிதாக மெனக்கெடவில்லை. அப்படிப் பார்த்தவருக்கு இந்தப் பையன் காரணமில்லாமல் முரண்டு பிடிப்பதாகத்தான் தெரியும்.

லோனி விஷயத்தில் மட்டும் நான் திட்டுபவர்கள் பக்கம். நாவலில் ஷாம்ப்லோவின் பின்னால் இருக்கும் வெறி அவள் தந்தை மஹ்தி கார்வேயுடையது. தந்தையின் பழிக்கும் தன் மனசாட்சிக்கும் நடுவில் அவள் மாட்டிக்கொள்கிறாள். படத்தில் தந்தையின் பாரத்தையும் சேர்த்து அவள் தலையிலேயே ஏற்றிவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் அறிமுகமாகி, பனாஜரோடு கொஞ்சம் பேசி, நகரத்தை அழித்து, மனம் மாறப்போகிற மாதிரி ஒரு கணம் தயங்கி, மறுபடி வெறியேறி, செத்தும் போக வேண்டும். பேசும்போது நல்ல பெண், இயந்திரத்துக்குள் ஏறியதும் வேறு ஆள். நடுவில் இருக்க வேண்டிய படிகளைக் காணோம். அவள் சாவுக்கு அழ வேண்டிய இடத்தில் எனக்கு அழுகை வரவில்லை, பனாஜரின் குரலுக்குத்தான் வந்தது. தனி டிஸ்க்காக நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இங்கே கதையைக் கெடுத்திருக்கிறது. ஒரு டிஸ்க்குக்கு ஒரு எதிரி, அதற்குள்ளேயே ஆரம்பமும் முடிவும் என்ற கணக்கில் அவள் சிக்கிவிட்டாள்.

அதே கணக்கு நல்லது செய்த இடங்களும் உண்டு. பாலைவன நடை அதில் ஒன்று. கப்பல் தலைவர் ஜின்னர்மேன் பனாஜரை இழுத்துக்கொண்டு மணலில் நடக்கிறார். இரவில் நெருப்புக்குப் பக்கத்தில், மனைவியையும் மகளையும் போர் முடிந்த சமயத்தில் எப்படிப் பறிகொடுத்தார் என்று சொல்கிறார். ரோபோ தொடரில் ரோபோவே இல்லாமல் இவ்வளவு நேரம் இரண்டு பேர் நடக்க விடுவது வாராந்திரத் தொடரில் கடினம். ஓர் அத்தியாயம் முழுக்க "ஒன்றும் நடக்கவில்லை" என்று ஆகிவிடும். ஒரு மணி நேரப் படத்தில் அதற்கு இடம் கிடைக்கிறது.

இன்னொன்று அந்தக் காப்பிக் கடை. என்னைக் கேட்டால் நான்காவது டிஸ்க்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ரிடியின் வீட்டை விட்டு வெளியேறிய மினேவா கையில் ஒன்றும் இல்லாமல் சாலையோர உணவகம் ஒன்றில் உட்காருகிறாள். கடைக்காரர் ஒரு பெரியவர். அவள் இளவரசி என்று அவருக்குத் தெரியாது. காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பேசுகிறார். மனிதர்களை விண்வெளிக்கு அனுப்பியதும், கூட்டமைப்பு அரசை உண்டாக்கியதும் யாரோ கெட்டவர்கள் போட்ட சதி இல்லை, பூமியும் மனிதனும் பிழைக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் தொடங்கியவைதான் என்கிறார். கண்டாம் தொடர்களில் பூமியில் இருப்பவர்கள் பெரும்பாலும் சுயநலமிகள், ஊழல்வாதிகள். இங்கே ஒரு சாதாரண ஆள், யாருக்கும் வக்காலத்து வாங்காமல், இப்படிப் பேசுவது அபூர்வம். அது வரைக்கும் பிறர் இழுத்த இழுப்புக்குப் போய்க்கொண்டிருந்த மினேவா அந்தக் காப்பிக்குப் பிறகு தானாக முடிவெடுக்கிறவளாக மாறுகிறாள். ஒரு குண்டும் வெடிக்கவில்லை. டோரிங்டனைப் பிடிக்காதவர்கள்கூட இந்தக் காட்சியைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

முடிவைப் பற்றியும் புகார் உண்டு. லோனி செத்த கையோடு வானத்திலிருந்து கறுப்பு யூனிகார்னான பான்ஷி இறங்கி வர, அங்கேயே வெட்டிவிடுகிறார்கள். அடுத்தது என்ன என்று தெரிய 2012 ஜூன் வரை காத்திருக்க வேண்டும். அன்று வாங்கியவர்கள் கடுப்பானது நியாயம். இன்று நமக்கு அது ஒரு பொத்தானை அழுத்துகிற தூரம், அதனால் இந்தப் புகாரை நான் கணக்கில் எடுப்பதில்லை.

2016ல் இதே காட்சிகளை 22 அத்தியாயமாக நறுக்கி 'ஆர்ஈ:0096' என்ற பெயரில் ஞாயிற்றுக்கிழமை காலை டிவியில் போட்டார்கள். இன்று பலர் முதலில் பார்ப்பது அந்த வடிவம்தான். அதில் பாலைவனம் ஒரு வாரம், டோரிங்டன் அடுத்த வாரம் என்று பிரிந்துவிடும். மெதுவான பகுதிக்குப் பிறகு வருகிற வெடிப்பு, வெடிப்புக்கு நடுவே கேட்கிற பெரியவரின் பேச்சு, இவை ஒன்றையொன்று தாங்கி நிற்பது தெரியாது. "நான்காவது பாகத்தில் என்ன பெரிதாக இருக்கிறது?" என்று கேட்பவர் எந்த வடிவத்தைப் பார்த்தார் என்று நான் முதலில் கேட்பேன்.

உங்களுக்குப் பாதி பிடித்து பாதி பிடிக்காதது ஏன் என்று இப்போது ஓரளவு பிடிபட்டிருக்கும். பழைய தொடர்கள் எதையும் பார்க்காமல் வந்திருந்தால் டோரிங்டனில் சலிப்பு வந்தது இயல்பு. அதற்காக 1979 முதல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வாருங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. ஜீட்டாவையும் 0083ன் முதல் இரண்டு அத்தியாயங்களையும் பார்த்தால் போதும், அந்தத் தளமும் ப்யார்லான்டும் வேறு மாதிரித் தெரியும். ஆங்கில டப்பிங் மோசமில்லை. இந்தத் தொடரை வெளிநாட்டுக்கும் சேர்த்தே தயாரித்ததால் ஜப்பானிய டிஸ்க்கிலேயே ஆங்கில ஒலியும் சப்டைட்டிலும் உண்டு. ஆனால் அந்த "சுட முடியாது" கதறலை ஜப்பானியக் குரலில் ஒரு முறையாவது கேளுங்கள்.

மறுபடி பார்ப்பதாக இருந்தால் நேராக நான்காவதைப் போடாதீர்கள். மூன்றாவதின் கடைசிப் பத்து நிமிடத்தைப் பார்த்துவிட்டு, கில்போவா கண்ணில் இருக்கும்போதே இதைத் தொடங்குங்கள்.